தண்ணீர் கொடுத்த கை

அவரிடம் இரவல் வாங்கிய எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அது ஏன் என்று புரிய எனக்கு அரை வருடம் பிடித்தது.

இங்கிலாந்தின் வடக்கே எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் ஓர் ஊர். சட்டத்தில் மேற்படிப்புக்காகப் போன நானும் அவரும் ஒரே வகுப்பு, ஒரே வீடு, அடுத்தடுத்த அறை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். சேலத்தில் வாங்கிக்கொண்டு போன ஸ்வெட்டர் அந்த ஊர்க் காற்றுக்கு ஒன்றுமே இல்லை. நான் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, தன் அலமாரியிலிருந்து கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"போட்டுக்குங்க சாமி. உங்களப் பாத்தா எனக்குக் குளுருதுங்க."

சில நாட்களில் நானே ஒரு கோட்டு வாங்கிவிட்டேன். அவருடையதைத் துவைத்து மடித்து அறை வாசலில் நின்று நீட்டினேன். அவர் கை நீளவில்லை. கதவைப் பிடித்தபடி சிரித்தார்.

"அட, வெச்சுக்குங்க. என்னவிட உங்களுக்குத்தான் எடுப்பா இருக்குது."

அப்புறம் குடை. அப்புறம் ஒரு தலையணை. ஒருநாள் சாம்பார் கிண்ட அவருடைய மரக்கரண்டியைக் கேட்டு வாங்கினேன். கழுவிக் கொடுக்கப் போனால், "எனக்கு வேற இருக்குதுங்க" என்றார். மறுநாள் கடைக்குப் போய் அதே மாதிரி புதுக் கரண்டி ஒன்று வாங்கி வந்தார். என் அறை அவருடைய பொருட்களால் நிறைந்துகொண்டே வந்தது. வீடியோவில் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "மகராசி, நல்லா இருக்கட்டும்" என்றார் அம்மா.

அவரை முதலில் பார்த்தது வெளிநாட்டு மாணவர்கள் அடையாள அட்டைக்கு நின்ற வரிசையில். நான் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்றவர் சடாரென்று திரும்பினார்.

"ஏனுங்க, சேலமுங்களா?"

ஆயிரம் பேர் ஆங்கிலம் பேசும் கட்டடத்தில் அந்த 'ஏனுங்க'வைக் கேட்டதும், அப்புறம் பேசுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"பனமரத்துப்பட்டிங்க அக்கா."

"அட, நம்ம பக்கம்! எனக்குப் பரமத்தி வேலூருங்க. ஆத்தோரத்துல வெத்தலைக் கொடிக்கால், வாழை. பனமரத்துப்பட்டில எங்கீங்க? ஊருக்குள்ளயா, ஏரிப்பக்கமா?"

"ஏரிக்கு அந்தப் பக்கமுங்க."

"அப்பாவுக்குச் சொந்தத் தோட்டமுங்களா?"

"அப்பா இல்லைங்க. அம்மா அரளிப்பூ பறிக்கப் போறாங்க."

"கூலிக்குங்களா?"

"ஆமாங்க."

"குலசாமி எதுங்க?"

சொன்னேன்.

"அரசாங்க உதவித்தொகையில வந்தீங்களா?"

"ஆமாங்க."

"சந்தோசமுங்க சாமி. நல்லாப் படிக்கோணும்."

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்விகள் எங்கே போய் நிற்கும் என்று தெரியும். சாதி என்ற சொல் வாயில் வராமலே அதைக் கண்டுபிடித்துவிடுவதற்கான வழி இது. அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகும் அவர் பேச்சில் ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. அதில்தான் நான் ஏமாந்தேன். பூந்தோட்டக்காரர் வீட்டில் பத்து வயதுப் பையன்கூட என் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். இவர் என்னையே 'ங்க' போட்டுப் பேசுகிறார். படித்தவர், வேறு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் கேட்டி என்று ஓர் இங்கிலாந்துப் பெண்ணும் இருந்தாள். அடுப்படி மூவருக்கும் பொது. அக்கா நன்றாகச் சமைப்பார். ஊரிலிருந்து வந்த மிளகாய்த் தூளில் கோழிக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். நான் சமைக்கும் நாளில் மட்டும் அவருக்கு ஏதாவது விரதம் இருக்கும். சனிக்கிழமை என்பார். கிருத்திகை என்பார். அமாவாசை என்பார். எதுவும் இல்லாத நாளில் வயிறு சரியில்லை என்பார். இவ்வளவு பக்தியான ஆளை நான் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

ஒரு கிருத்திகை அன்று நான் எலுமிச்சைச் சாதம் செய்தேன். "ஒருபொழுதுங்க சாமி, வாசனையே போதும்" என்றார். கொஞ்ச நேரத்தில் கேட்டி வெளியிலிருந்து வந்தாள். கையில் பாதி தின்ற கோழி சாண்ட்விச். இவரைப் பார்த்ததும், சாப்பிட்டுப் பார், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நீட்டினாள். கேட்டியின் பல் பட்ட இடத்திலேயே இவர் ஒரு கடி கடித்தார். மெல்லும்போதுதான் நான் வாசலில் நிற்பதைப் பார்த்தார்.

"கோழின்னு தெரியாமப் போச்சுங்க" என்றார். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவருக்குக் கோழி தெரியவில்லை.

அவர் கடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த எச்சில் இனித்ததே, அதுதான்.

தை மாதம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. நான் மிளகு ரசம் வைத்து, சாதத்தைக் குழையக் கரைத்து, ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் தேடிப் பிடித்த கறிவேப்பிலையைத் தாளித்துப் போட்டிருந்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீங்க போங்க சாமி, ஆறுனதும் சாப்புட்டுக்கறேன்" என்றார். மாலையில் கிண்ணம் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. "ரெண்டு வாய் உள்ள போனதும் காய்ச்சல் எறங்கிருச்சுங்க. அப்படியே எங்கம்மா கைப்பக்குவம்" என்றார்.

அந்த வாரம் அடுப்படி கழுவும் முறை என்னுடையது. பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் போகவில்லை. அடைப்பை எடுக்க விரலை உள்ளே விட்டேன். வழுவழுவென்று சோறும் மிளகும் வந்தன. என் கறிவேப்பிலை ஒன்று விடாமல் வந்தது. ஊறி, கறுத்து, நாறிப்போயிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோட்டு, குடை, தலையணை, கரண்டி எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் எனக்குத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்தேன். நான் தொட்ட பொருட்களை அவர் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று நேராகக் கேட்டேன்.

"ரசத்தக் கொட்டிட்டீங்களா அக்கா?"

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. அதே சிரிப்பு.

"வாய்க்குப் பிடிக்கலீங்க சாமி. காய்ச்சல் வாயி. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் சொல்லல."

"கேட்டி குடுத்தா மட்டும் பிடிக்குதே?"

"நீங்க எதையோ மனசுல வெச்சிட்டுப் பேசறீங்க. நான் அப்படியெல்லாம் பாக்கறவ இல்லீங்க. பாத்தா உங்ககூட ஒரே ஊட்டுல இருப்பனா?"

அவருக்குக் கோபமே வராது. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். இவர் வெல்லம் போல் ஒட்டிக்கொண்டிருந்தார். கழுவக் கழுவப் பிசுபிசுத்தது.

அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அது என் அம்மாவின் கதை.

அந்த ஊருக்குப் போன புதிதில் ஒருநாள் மாலை, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அக்காவும் வந்து தலையை நீட்டி நலம் விசாரித்தார். அவரைச் சிரிக்கவைக்க அம்மா ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். அதைச் சிரித்துச் சொல்ல என் அம்மாவால்தான் முடியும்.

"இவ அப்ப என் வயித்துல இருந்தா. அரளி பறிச்சிக்கிட்டே இருந்தேன், வெயிலேறிப் போச்சு, அப்படியே மயங்கிச் சாஞ்சிட்டேன். தோட்டக்காரம்மா சொம்புல தண்ணியோட ஓடியாந்தாங்க. நல்ல மனசுதான். ஆனா குனிஞ்சு ஊத்துனா எம்மேல பட்டுருமில்ல? நின்னுக்கிட்டே மேல இருந்து ஊத்துனாங்க. அது வாயிக்கா வரும்? நேரா மூக்குல போயிருச்சு. பொறையேறி எந்திரிச்சு உக்காந்துட்டேன். 'பாத்தியா, தண்ணி ஊத்துனதும் தெளிஞ்சிருச்சு'ங்கறாங்க அவங்க!"

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அம்மா, நீங்க பெரிய ஆளுங்க" என்றார். அம்மாவுக்கு ஒரே பெருமை.

குளிர் குறைந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய நேரம். பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியையும் சேர்க்க வேண்டுமா என்று மாணவர்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். சேர்க்க வேண்டும் என்று பேச வந்தவர் அக்கா. கைத்தறிப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். நான் மூன்றாவது வரிசையில் கேட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் கொஞ்ச நேரம் சொன்னார். நன்றாகவே பேசினார். பிறகு தாள்களை மூடிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அரளித் தோட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், தொட்டால் தீட்டு என்று, நின்றபடியே உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீர் அவர் மூக்கில் போய் மூச்சு முட்டியது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

ஆத்தோரத்தில் வெற்றிலையும் வாழையும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அரளித் தோட்டம் எங்கிருந்து வந்தது? அந்த அரளியை மாற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அம்மா சிரித்தபடி சொன்னதை இவர் அழுதபடி சொன்னார். அது ஒன்றுதான் மாற்றம்.

முன்வரிசையில் இருந்த வயதான பேராசிரியர் ஒருவர் கையை உயர்த்தி, "அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

அக்கா மூடிவைத்த தாள்களை நேராக அடுக்கினார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"சொம்பை வாங்கினேன். மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு என் கையால் தண்ணீர் கொடுத்தேன். சட்டம் படிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கேட்டி அழுதுகொண்டே ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை. அடைத்துக்கொண்ட தொட்டிக்குள் விரல் விட்டபோது வந்த அதே நாற்றம் அந்த அரங்கம் முழுக்க எனக்கு அடித்தது.

வீடு திரும்பியதும் அடுப்படியிலேயே மறித்துக் கேட்டேன்.

"அது எங்கம்மா கதை. அந்த வயித்துல இருந்தது நான். அப்ப உங்களுக்கு மூணு வயசுகூட இருக்காது."

"கோவிச்சுக்காதீங்க சாமி. உங்க கதையத்தான் நாலு பேருக்கு எடுத்துச் சொன்னேன். நல்லதுதானுங்க? நான் சொன்னதால கேட்டாங்க. நீங்க சொன்னா புலம்பறாங்கன்னு போயிருவாங்க."

"தண்ணி யாரு குடுத்தாங்க?"

"எதுங்க?"

"எங்கம்மாளுக்கு யாரு கையால தண்ணி குடுத்தாங்க?"

தேநீருக்குச் சர்க்கரையைப் போட்டு ஆற்றினார். ஆற்றி முடித்துத்தான் பதில் சொன்னார்.

"கதைன்னா ஒரு முடிவு வேணுமில்லீங்களா? அப்படியே தரையில போட்டுட்டு வந்தா கேக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

இது நடந்த சில நாட்களில் எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது. ஏழைகளுக்காக வழக்காடும் சட்ட உதவி மையம் ஒன்றில் கோடை முழுக்க வேலை செய்யும் வாய்ப்பு. ஒரே ஓர் இடம். ஊருக்குத் திரும்பி அந்த மாதிரி வேலையைத்தான் செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அந்த இடத்துக்கு அக்காவும் விண்ணப்பித்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. விண்ணப்பத்தில், ஏன் சட்டம் படிக்கிறாய் என்ற கேள்விக்கு நான் அம்மாவுக்கு நடந்ததை எழுதியிருந்தேன். கூட்டத்துக்கு வெகுநாள் முன்பே எழுதிக் கொடுத்தது. ஆனால் அவர்கள் அதைப் படித்தது அதற்குப் பிறகு.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மையார் அன்பாகத்தான் ஆரம்பித்தார். "உங்கள் பகுதியைச் சேர்ந்த இன்னொரு மாணவி இதே போன்ற சம்பவத்தைச் சொல்லியிருந்தார். மிகவும் உருக்கமாக."

"அது இதே சம்பவம்தான். அது என் அம்மா" என்றேன்.

அவரும் பக்கத்தில் இருந்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நிச்சயமாக" என்றார் அவர். பொறாமைப்படும் பெண்ணிடம் பெரியவர்கள் காட்டும் பொறுமை அவர் முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. இடம் அக்காவுக்குக் கிடைத்தது. இனிப்பு வாங்கி வந்து என் கதவைத் தட்டினார். "உங்களுக்குக் கெடச்சிருந்தா நானே ரொம்ப சந்தோசப்பட்டிருப்பேனுங்க" என்றார். பொய் என்று அவருக்கே தெரியாத பொய்.

வீட்டைக் காலி செய்த அன்று அவர் கொடுத்த எல்லாவற்றையும் அவர் அறை வாசலில் வைத்துவிட்டு விமானம் ஏறினேன். அவையெல்லாம் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியின் மேல் கிடக்கும் படத்தைக் கேட்டி எனக்கு அனுப்பினாள். மறந்து வைத்துவிட்டாயா, எடுத்து வைக்கட்டுமா என்று பாவம் அவள் கேட்டிருந்தாள். வேண்டாம் என்று எழுதினேன்.

அம்மாவிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. அவருடைய சிரிப்பைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அடுத்த தொல்லை வந்தது. சேலம் நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவும் ஊர் திரும்பியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே அம்மாவைப் போனில் அழைத்து, ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டார். அம்மா பிடித்துக்கொண்டார்.

"அந்தக் குளுருல உனக்குக் கோட்டு குடுத்தவங்க. ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்துருவோம் கண்ணு."

மறுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். போனோம். அம்மா சேலத்தில் நல்ல மாம்பழமாகப் பொறுக்கி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டார். சேலத்திலிருந்து நாமக்கல், அங்கிருந்து பரமத்தி வேலூர். அதற்குப் பிறகு ஆட்டோ. கொடிக்கால்களுக்கு நடுவில் பெரிய மாடி வீடு. அக்கா வாசல் வரைக்கும் வந்து அம்மாவின் கையைப் பிடிக்கிற தூரத்தில் நின்றார். பிடிக்கவில்லை. கும்பிட்டார்.

"வாங்கம்மா, வாங்க சாமி. இங்கயே உக்காருங்க. உள்ள புழுக்கமுங்க, இங்க நல்லாக் காத்து வரும்."

கார் நிறுத்தும் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. பக்கத்துத் தொட்டியில் மோட்டார்த் தண்ணீர் கொட்டும் சத்தம். அவருடைய தாயார் நிலைப்படி தாண்டாமல் உள்ளேயே நின்று, "வாங்க, பையை அப்படிக் கீழ வையுங்க" என்றார். அம்மா மாம்பழப் பையைத் தரையில் வைத்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஏசி ஓடுவது தெரிந்தது. அதன் குளிர்ச்சி என் முழங்கை வரை வந்தது.

டீ வந்தது. காகிதக் கோப்பைகளில். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அதற்காகவே காத்திருந்தவர் போலத் தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, நானும் இதுலதான் குடிக்கறேன்."

அம்மா வாங்கிக் குடித்தார். கோப்பையைக் கசக்கி எங்கே போடுவது என்று சுற்றும் பார்த்தார். "அங்க வெளிய ஒரு வாளி இருக்குதுங்க" என்றார் அக்கா. அம்மா எழுந்துபோய் மூன்று கோப்பைகளையும் போட்டுவிட்டு வந்தார். அந்த வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்துக்குள் அம்மா வேலைக்காரியாகிவிட்டார். அவருக்கும் அது தெரிந்துவிட்டது என்பது அவர் நடையில் தெரிந்தது.

அப்போதுதான் அக்கா போனை எடுத்தார். சட்ட விழிப்புணர்வுக்காக வீடியோக்கள் போட ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். போனைப் பூந்தொட்டியின் மேல் சாய்த்து வைத்து, அம்மாவின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"அம்மா, அன்னிக்கு எங்ககிட்டச் சொன்னீங்கல்ல, பூ பறிக்கறப்ப மயங்கி வுழுந்தது, அந்தத் தண்ணி ஊத்துன கதை. அத உங்க வாயால ஒருக்காச் சொல்லுங்க. நாலு பேரு பாத்துத் திருந்தட்டும்."

"அக்கா, வேண்டாம்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க சாமி. அம்மா சொல்லுவாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அது ஒரு கதையாங்க அம்மிணி? சொல்றேன். நாக்கு வறண்டு கெடக்குது. உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க. குடிச்சிட்டுச் சொல்றேன்."

அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது, ஆனால் கண் அம்மாவை விட்டு நிலைப்படிக்குப் போனது. அங்கே நின்ற தாயார் லேசாகத் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். "இதோ வாரேனுங்க" என்று அக்காவும் எழுந்து போனார். உள்ளே ஏதோ தணிந்த குரலில் பேச்சு. திரும்பி வந்தபோது அவர் கையில் மூடி திறக்காத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"சுத்தமான தண்ணிங்கம்மா. எங்க போர் தண்ணி உப்பு. உங்களுக்கு ஒத்துக்காது."

அம்மா அதைக் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார். திறக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்தார். எழுந்து மாம்பழப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. வா கண்ணு."

"அம்மா, இருங்க, சாப்பாடு ஆச்சு, இலை போட்டா..."

அம்மா திரும்பவில்லை. அந்த மணல் பாதையில் நடக்கும்போது நான் அவருக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பரமத்தி வேலூர்ப் பேருந்து நிலையக் குழாயில் வாயைக் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி கொப்பளித்தார். "அந்தக் காயிதத்தோட நாத்தம் போவ மாட்டேங்குது" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ரசம், கூட்டம், கைதட்டல், நேர்காணல், எல்லாம். புதுச்சத்திரம் தாண்டும்போது கேட்டார்.

"எனக்கு அவங்க கையால தண்ணி குடுத்ததாவா சொன்னாங்க?"

"ஆமாம்மா."

"மண்டி போட்டுக்கிட்டா?"

"ஆமா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கவில்லை. என் அம்மா சிரிக்காமல் இருந்த பயணம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் என் கூடப் படித்த தோழி ஒருத்தி ஒரு வீடியோவை அனுப்பினாள். அந்தக் கொட்டகையில் அம்மா. "அது ஒரு கதையாங்க அம்மிணி? சொல்றேன்" என்று சிரிக்கிறார். அங்கே வெட்டிவிட்டு, மீதியை அக்கா தன் குரலில் உருக்கமாகச் சொல்கிறார். மண்டியிட்டது வரைக்கும் சொல்கிறார். கீழே நூற்றுக்கணக்கில் அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும். போன் செய்து எடுக்கச் சொன்னேன்.

"எல்லாரும் அம்மாவ அவ்வளவு கொண்டாடறாங்க சாமி. இதப் போயி எடுக்கச் சொல்றீங்களே" என்றார்.

என் பெயரில் நான் அனுப்பிய முதல் வக்கீல் நோட்டீஸ் அதுதான். கட்சிக்காரர், என் அம்மா. அவருடைய சம்மதம் இல்லாமல் அவர் முகத்தையும் பேச்சையும் வெளியிட்டதாகவும், நடக்காததை நடந்ததாகச் சொன்னதாகவும் எழுதி, பூப்பறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் விரல் நுனியெல்லாம் அரளிப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தேய்த்தபடியே கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் வந்திருச்சா?"

"வந்திருச்சும்மா."

"நான் தண்ணி கேட்டத எழுதலயே."

"அது சட்டப்படி தேவையில்லம்மா. அது குத்தத்துல வராது."

"வராட்டிப் போவுது. அவங்க ஊட்டு வாசல்ல உக்காந்து ஒரு சொம்பு தண்ணி கேட்டேன், குடுக்கலன்னு எழுது."

எழுதினேன். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே வீடியோ காணாமல் போனது. அக்காவிடமிருந்து எனக்கு ஒரே ஒரு வரி வந்தது. அதில் முதல்முறையாக 'ங்க' இல்லை.